பூனைக்கும் சர்க்கரை: எந்தக் கருவியை நம்புவது?

அம்மாவுக்கு நீரிழிவு. அவருடைய குளுக்கோமீட்டர் அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது வீட்டுப் பூனைக்கும் நீரிழிவு என்று விலங்கு மருத்துவர் சொல்லிவிட்டார். நாள்தோறும் இரண்டு வேளை இன்சுலின் போட வேண்டும். சர்க்கரை அளவையும் வீட்டிலேயே பார்த்துவர வேண்டும். அம்மாவின் கருவியே போதுமா, செல்லப்பிராணிகளுக்கென விற்கப்படும் கருவியைத் தனியாக வாங்க வேண்டுமா?

சின்னக் கேள்விதான். ஆனால், பூனையின் காதில் எடுத்த ஒரே துளி ரத்தத்தை இரண்டு கருவிகளிலும் வைத்துப் பார்த்தால் ஒன்று 4.1 என்றும் மற்றது 5.6 என்றும் காட்டக்கூடும். ஒரு கையில் பூனை, மறு கையில் இன்சுலின் ஊசி. போடுவதா, வேண்டாமா?

சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி உண்டு. வீட்டுக்குள்ளேயே உண்டு, உறங்கி, அதிகம் ஓடியாடாமல் வளரும் பூனைகளுக்கு எடை கூடுவது எளிது. நடுவயதைத் தாண்டிய, எடை கூடிய, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளிடம் நீரிழிவு அதிகம் காணப்படுகிறது. மனிதர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவைப் பெரிதும் ஒத்தது அது. அடிக்கடி தண்ணீர் குடிப்பது, மணல் தட்டு வழக்கத்தைவிட அதிகம் நனைவது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது ஆகியவை முதல் அறிகுறிகள்.

மருந்தகம் போதாதா?

பூனைகளின் ரத்தத்தில் சர்க்கரை அளவு பயத்தால் ஏறும். கூண்டு, கார் பயணம், பக்கத்து நாயின் குரைப்பு, முன்பின் தெரியாத கைகள் என எல்லாம் சேர்ந்து, நீரிழிவே இல்லாத பூனைக்குக்கூட மருந்தகத்தில் 16 மில்லிமோல் வரை காட்டுவதுண்டு. அந்த எண்ணை மட்டும் நம்பி இன்சுலினைக் கூட்டினால், வீட்டுக்கு வந்து அமைதியான பிறகு பூனையின் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போய்விடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. தொடக்கத்திலேயே நல்ல சிகிச்சையும் மாவுச்சத்து குறைந்த உணவும் கிடைத்த பூனைகளில் பல, சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்புகின்றன. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால், அந்த மாற்றம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவதில்லை. நேற்று சரியாக இருந்த அளவு இன்று அதிகமாகிவிடலாம். அதை முதலில் காட்டிக்கொடுப்பது வீட்டில் இருக்கும் கருவிதான்.

மனிதக் கருவி ஏன் குறைத்துக் காட்டுகிறது?

‘ஸ்டிரிப்’ எனப்படும் சோதனைப் பட்டையின் முனையில் ஒரு நொதி பூசப்பட்டிருக்கும். ரத்தத்தில் உள்ள சர்க்கரையுடன் அது வினைபுரியும்போது மிகச்சிறு மின்னோட்டம் உண்டாகிறது. கருவி அதை அளந்து எண்ணாக மாற்றித் தருகிறது.

சிக்கல் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. நாம் வைப்பது முழு ரத்தம். கருவியோ, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் எவ்வளவு சர்க்கரை இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. மனித ரத்தத்தில் உள்ள சர்க்கரையில் ஏறக்குறைய 58 விழுக்காடு பிளாஸ்மாவிலும் எஞ்சியது சிவப்பணுக்களிலும் இருக்கிறது. பூனைக்கோ ஏறக்குறைய 93 விழுக்காடு பிளாஸ்மாவில்தான். மனித ரத்தத்துக்கான கணக்கைப் பூனை ரத்தத்துக்குப் போட்டால், விடை பெரும்பாலும் உண்மையான அளவைவிடக் குறைவாகவே வரும்.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். அது சரிவராது. இந்த வேறுபாடு எல்லா அளவுகளிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கருவிக்குக் கருவியும் மாறுகிறது.

‘ஆல்ஃபாடிராக்’ போன்ற செல்லப்பிராணிக் கருவிகள் விலங்கு ரத்தத்துக்கென அளவு திருத்தப்பட்டவை. ‘ஆல்ஃபாடிராக் 2’ கருவிக்கு 0.3 மைக்ரோலிட்டர் ரத்தமே போதும். ஆனால் அதில் பூனைக்கு ஒரு குறியீடு, நாய்க்கு வேறொரு குறியீடு. புதிய பட்டைப் புட்டியைத் திறக்கும்போது குறியீட்டைச் சரிபார்க்க மறந்தால், தனியாக வாங்கிய கருவியும் தவறான எண்ணையே காட்டும்.

எந்தக் கருவியும் சரியான எண்ணைச் சொல்வதில்லை

மனிதர்களுக்கான கருவிகளுக்கு 2013இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 15197 என்ற அனைத்துலகத் தரநிலை உண்டு. 5.55 மில்லிமோலும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில், நூற்றில் 95 முடிவுகள் ஆய்வுக்கூட அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அது. அதாவது உண்மையான அளவு 10 என்றால், 8.5 காட்டும் கருவியும் 11.5 காட்டும் கருவியும் தரநிலைக்கு உட்பட்டவையே. அதுவும் மனித ரத்தத்துக்கு. பூனை ரத்தத்துக்கு அந்தத் தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை.

எனவே, இரண்டு நிமிட இடைவெளியில் 12.1, 13.4 என்று வந்தால் கருவி கெட்டுவிட்டதாகக் கருத வேண்டியதில்லை.

பூனையின் உடல்நிலையும் எண்ணை மாற்றும். வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறும் அதனால் ரத்தசோகையும் வருவதுண்டு. சிவப்பணுக்கள் குறைந்தால் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். இதுதான் கவலைக்குரியது, ஏனெனில் தாழ்ந்துபோன சர்க்கரையை அது மறைத்துவிடக்கூடும். உடலில் நீர் வற்றினால் நேர்மாறாகக் குறைத்துக் காட்டும்.

நம் ஊர்த் தட்பவெப்பம் இன்னொரு காரணம். பட்டையில் உள்ள நொதிக்கு ஈரமும் வெப்பமும் ஆகாது. பல புட்டிகளில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். நண்பகலில் குளிரூட்டி இல்லாத அறையே அதைத் தாண்டிவிடும். குளியலறை, சமையலறை அடுப்போரம், நிறுத்தி வைத்த கார் ஆகிய மூன்றும் வேண்டாம். பட்டையை எடுத்தவுடன் மூடியை இறுக மூடுங்கள். பட்டைகளை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள்.

கருவியைச் சோதிப்பது எப்படி?

முதலில், கருவிக்குரிய கட்டுப்பாட்டுத் திரவத்தை ரத்தத்துக்குப் பதிலாக வைத்துப் பாருங்கள். புட்டியில் குறித்துள்ள வரம்புக்குள் எண் வந்தால் கருவியும் பட்டையும் நல்ல நிலையில் உள்ளன.

அடுத்து, மருந்தகத்தில் பூனைக்கு ரத்தம் எடுக்கும் நாளில் உங்கள் கருவியையும் கொண்டுசெல்லுங்கள். அதே ரத்தத்தில் ஒரு துளியை உங்கள் பட்டையில் வைத்து, ஆய்வுக்கூட முடிவுடன் ஒப்பிடச் சொல்லுங்கள். ரத்தம் குழாயில் அப்படியே கிடந்தால் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அதனால் பிளாஸ்மாவை விரைவில் பிரித்துவிட வேண்டும். வெவ்வேறு நாள்களில் இப்படி ஓரிரு முறை செய்தால், உங்கள் கருவி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது புரிந்துவிடும்.

ரத்தம் எடுக்கும் முறையும் முக்கியம். வெதுவெதுப்பான துணியால் காதைச் சற்று நேரம் பிடியுங்கள். காதின் விளிம்போரம் ஓடும் மெல்லிய ரத்த நாளத்தின் அருகே குத்துங்கள். சிறிது வாசலின் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் துளியாக நிற்கும். துளி போதாவிட்டால் அந்தப் பட்டையை விட்டுவிட்டுப் புதியதை எடுங்கள். முடிந்ததும் பிடித்த தின்பண்டம் ஒன்று கொடுத்தால், சில நாள்களில் பூனை தானாகவே வந்து உட்காரும்.

எண்ணைப் படிப்பது

ஒரு தனி எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டக்கூடாது. மருத்துவர் கேட்பது பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை எடுத்த அளவுகளின் வரைபடம். அதில் மிகத் தாழ்ந்த புள்ளி எங்கே, எத்தனை மணிக்கு வருகிறது என்பதே கேள்வி. அது ஏறக்குறைய 4.5 முதல் 8 மில்லிமோலுக்குள் இருப்பது பொதுவான இலக்கு. மனிதக் கருவியைப் பயன்படுத்தினால், அதற்கேற்ற வரம்பை மருத்துவரிடம் தனியாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தோலில் ஒட்டித் தொடர்ச்சியாக அளக்கும் ‘ஃபிரீஸ்டைல் லிப்ரே’ போன்ற உணரிகளையும் சில மருத்துவர்கள் பூனைகளுக்குப் பொருத்துகிறார்கள். 14 நாள் இருக்க வேண்டிய அது, பூனையின் உடலில் பல நேரங்களில் முன்னதாகவே கழன்றுவிடும். மேலும், அது அளப்பது தோலடித் திரவத்தை. சர்க்கரை வேகமாக மாறும்போது ரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும்.

அலகையும் கவனியுங்கள். இங்கே நாம் மில்லிமோலில் சொல்கிறோம். தமிழ்நாட்டு உறவினர் “சுகர் 180” என்றால் அது மில்லிகிராம். நம் கணக்கில் 10. இடையில் உள்ள பெருக்கு எண் 18.

கூடுதல் எண்ணுக்கு நிதானம் வேண்டும். ஆனால் குறைந்த எண்ணுக்குத் தாமதம் கூடாது. 3.5க்குக் கீழே காட்டினாலோ, பூனை தள்ளாடினாலோ, சுருண்டு விழுந்தாலோ கருவியோடு வாதிட வேண்டாம். விழுங்கும் நிலையில் இருந்தால் உணவு கொடுங்கள். இல்லையென்றால் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

அம்மாவின் கருவி போதுமா?

இயன்றால் செல்லப்பிராணிக் கருவியே நல்லது. தாழ்ந்த அளவுகளில் அது பூனைக்குக் கூடுதல் நம்பகமானது. ஆனால் அதற்கான பட்டைகள் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். விலைக்கு அஞ்சி வாரம் ஒருமுறை மட்டும் சோதிப்பதைவிட, மருத்துவர் சம்மதத்துடன் மனிதக் கருவியில் ஒழுங்காகச் சோதிப்பது பூனைக்கு நல்லது. அம்மாவின் குத்தூசியை மட்டும் பகிர வேண்டாம். எதைத் தேர்ந்தாலும் அந்த ஒன்றையே தொடருங்கள். கருவியை மாற்றினால், பழைய எண்களுடன் புதியதை ஒப்பிடாதீர்கள்.

இனி அந்த 4.1, 5.6. எது சரி என்று தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம். இரண்டுமே ஊசிக்கு முன் இருக்கும் அளவுக்கு மிகக் குறைவு. எந்தக் கருவியை நம்பினாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஊசியைக் கீழே வையுங்கள், பூனைக்கு உணவு வையுங்கள், மருத்துவரை அழையுங்கள்.