பாலர் வகுப்பில் பிணக்குத் தீர்வும் தமிழ்மொழி கற்பித்தலும்

முன்னுரை

தமிழ் வகுப்பறைகளில் 'அமைதி' என்னும் சொல்லை ஒரு குழந்தை முதன்முதலாகக் கேட்பது பெரும்பாலும் ஆசிரியரின் கட்டளையாகத்தான். 'அமைதியாக இருங்கள்' என்றால் 'பேசாதீர்கள்' என்பது பொருள். போருக்கு எதிர்ச்சொல்லாக வழங்கும் அமைதியும் வாய்மூடியிருத்தலைக் குறிக்கும் அமைதியும் ஒரே சொல்லாக நிற்கின்றன. ஆகவே, பேசித் தீர்க்க வேண்டிய இடத்தில் பேசாதிருத்தலே நற்பண்பு என்று பிள்ளைகள் கொள்ள இடமுண்டு. மாறாக, 'சமாதானம்' என்னும் சொல் வீட்டு வழக்கில் அழும் குழந்தையைத் தேற்றுதல், பகைத்தவரை இணைத்தல் ஆகிய இரண்டையும் குறிக்கின்றது. இளம் பிள்ளைகளின் உலகத்திற்கு அச்சொல்லே அணுக்கமானது எனலாம்.

நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பிணக்குகளைத் தீர்த்துக்கொள்ளக் கற்பித்தல் நன்னெறிப் பாடத்தின் பொறுப்பு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. மலேசியாவில் 2010 இல் அறிமுகமாகி 2017 இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம் மொழித் தொடர்பை ஒரு கூறாகவும், நன்னெறியையும் சமூக உணர்வு வளர்ச்சியையும் வேறு கூறுகளாகவும் வகுத்தது. வகுப்பு நேரத்தைத் திட்டமிட இப்பகுப்பு வசதியானதுதான். ஆயினும் ஒரு பிள்ளை கையை ஓங்குவதற்கும் வாயைத் திறப்பதற்கும் இடைப்பட்ட அந்த ஒரு நொடியில் அதற்குத் துணைநிற்பது நன்னெறிப் பண்பின் பெயரன்று; சொல்வதற்கு ஆயத்தமாக இருக்கும் ஒரு வாக்கியமே. எனவே, பிணக்குத் தீர்வு தமிழாசிரியரின் பணியுமாகும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

வயதும் பூசலும்

பாலர் வகுப்புப் பூசல்களில் மிகப் பல பொருளைப் பற்றியவை அல்லது ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாமையைப் பற்றியவை. மரக்கட்டை, வண்ணப் பென்சில், ஊஞ்சலில் முறை, 'நீ வராதே' என்னும் மறுப்பு ஆகியவையே அவற்றின் காரணங்கள். பெரியோர் இவற்றை அற்பம் எனக் கருதலாம். பிள்ளைக்கு அவை அற்பமல்ல.

1983 இல் ஹைன்ஸ் விம்மர், யோசெப் பெர்னர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரு சிறுவன் சாக்லெட்டை ஓரிடத்தில் வைத்துவிட்டுச் செல்கின்றான். அவன் இல்லாதபோது தாய் அதை வேறிடத்திற்கு மாற்றிவிடுகின்றாள். திரும்பி வரும் சிறுவன் எங்கே தேடுவான் என்பதே பிள்ளைகளிடம் கேட்கப்பட்ட வினா. மூன்று வயதினர் பொதுவாகச் சாக்லெட் உண்மையில் இருக்கும் இடத்தையே காட்டுவர். தாம் அறிந்ததைப் பிறரும் அறிவர் என்பது அவர்களின் எண்ணம். நான்கு, ஐந்து வயதுகளில்தான் பிறர் மனத்தில் உள்ளது வேறாக இருக்கலாம் என்னும் உணர்வு படிப்படியாக உறுதிப்படுகின்றது. 'அவள் என்ன நினைத்தாள்?' என்று ஆசிரியர் கேட்பதற்கு உரிய வயது இதுவே. அதற்கு முன்னர் அக்கேள்வி பயன் தராது. 1932 இல் வெளிவந்த பியாஜேயின் நூலும் இதனுடன் இணைத்து எண்ணத்தக்கது. கோலியாட்டத்தின் விதிகளைச் சிறு பிள்ளைகள் பெரியவர்கள் விதித்த மாற்றவியலாத கட்டளைகளாகக் கருதுவதையும், ஒத்த வயதினரோடு கூடியாடும் பழக்கத்தால் விதி என்பது தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு என உணர்வதையும் அவர் விளக்கினார். ஒவ்வொரு பூசலிலும் ஆசிரியரே தீர்ப்புக் கூறினால் பிள்ளை அந்த இரண்டாம் நிலையை அடைவதற்கான பயிற்சியை இழக்கின்றது.

அடையாற்றில் மாண்டிசோரி

அமைதிக் கல்வியைச் சிறு பிள்ளைகளிடமிருந்தே தொடங்க வேண்டும் என வலியுறுத்தியவர்களுள் மரியா மாண்டிசோரி தலையாயவர். 1937 இல் கோப்பன்ஹேகனில் நடைபெற்ற மாநாட்டில் இதனையே அவர் பேசினார். அமைதியும் கல்வியும் பற்றிய அவருடைய உரைகள் 1949 இல் நூலாயின. 1939 இன் இறுதியில் மகன் மாரியோவுடன் சென்னைக்கு வந்த அவர், அடையாற்றுப் பிரம்மஞான சபை வளாகத்தில் ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சியளித்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மாரியோ பகைநாட்டவராகக் கருதப்பட்டு அகமதுநகரில் அடைத்து வைக்கப்பட்டார். தாய் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 31 அன்று, தாயின் 70ஆம் பிறந்தநாளையொட்டி மாரியோ விடுவிக்கப்பட்டார். பின்னர் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் அவர்தம் பணி தொடர்ந்தது. உலகப் போரின்போது அமைதிக் கல்வியின் முன்னோடி ஒருவர் தமிழ் மண்ணில் கட்டுப்பாட்டில் இருந்தபடியே கற்பித்தார் என்பதை நம் ஆசிரியர் பயிற்சி நூல்கள் ஒரு வரியிலேனும் குறிப்பிடலாம்.

மாண்டிசோரி வகுப்பறையின் ஓர் ஏற்பாடு நம் பொருளுக்கு நேரடியாகப் பயன்படும். அங்கு ஒவ்வொரு கற்றல் கருவியும் ஒன்றே வைக்கப்படும். ஒருவர் பயன்படுத்தும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். நம் பாலர் வகுப்புகளில் சண்டையைத் தவிர்க்க எல்லாருக்கும் ஒவ்வொன்று வாங்கிக் கொடுக்கும் வழக்கம் உள்ளது. அது நல்லெண்ணத்தால் எழுவதே. ஆனால் காத்திருக்கவும் கேட்டு வாங்கவும் வேண்டிய தேவையே அங்கு இல்லாமற் போகின்றது. அத்தேவையோடு எழும் பேச்சும் இல்லாமற் போகின்றது. மாண்டிசோரி மரபில் பின்வந்த ஆசிரியர்களிடையே 'அமைதி மேசை' என்னும் வழக்கமும் பரவியது. பிணங்கிய இருவர் ஒரு சிறு மேசைக்குச் செல்வர். அங்குள்ள பொருளைக் கையில் வைத்திருப்பவர் பேச, மற்றவர் கேட்பார். பிறகு பொருள் கைமாறும். செலவில்லாத ஏற்பாடு இது.

'உடைந்தது' என்பதும் 'உடைத்தான்' என்பதும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டேவிட் வைகார்ட் 1970 இல் நிறுவிய ஹைஸ்கோப் அமைப்பு, பாலர் வகுப்புப் பூசல்களுக்கு ஆறு படிகளைப் பரிந்துரைக்கின்றது. ஆசிரியர் பதறாது அணுகிக் கைகலப்பை நிறுத்துவார், பிள்ளைகளின் உணர்வுகளை ஏற்றுக்கொண்டு பெயரிடுவார், நடந்ததைக் கேட்டறிவார், சிக்கலைத் திரும்பச் சொல்வார், தீர்வை அவர்களிடமே கேட்டுத் தேரச் செய்வார், பின்னரும் உடனிருப்பார். இம்முறையைத் தமிழில் செயற்படுத்தும்போது மொழியின் தன்மை குறுக்கிடுகின்றது; சில இடங்களில் துணையும் செய்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பிள்ளை கட்டிய கோபுரம் மற்றொரு பிள்ளையின் கால் பட்டுச் சரிந்துவிட்டது. ஆசிரியரின் முதல் வினா 'யார் இதை உடைத்தது?' என்பதாக இருப்பின் குற்றவாளியைத் தேடும் படலம் தொடங்கிவிடும். 'என்ன நடந்தது?' எனக் கேட்டால் 'கோபுரம் உடைந்துவிட்டது' என்னும் விடைக்கு வழி பிறக்கும். உடைந்தது - உடைத்தான், சரிந்தது - சரித்தான் என்னும் இணைகளைத் தமிழ் ஏராளமாகக் கொண்டுள்ளது. இவற்றை இயங்குவினை, இயக்குவினை எனப் பேராசிரியர் கு. பரமசிவம் விளக்கியுள்ளார். நடந்ததை முதலில் இயங்குவினையால் சொல்லவைப்பது இருவரும் மறுக்கவியலாத ஒரு தொடக்கத்தைத் தருகின்றது. செய்தவரைப் பற்றிய பேச்சு அதன் பின்னர் வரலாம். வரவும் வேண்டும், ஏனெனில் 'அது தானா ஒடஞ்சிருச்சு' என்று நழுவும் கலையையும் இதே வினைவடிவம்தான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கின்றது!

உணர்வுகளுக்குப் பெயரிடுதல் இன்னும் கடினமானது. 'கோபம்', 'அழுகை' என்பவற்றைத் தாண்டிப் பல பாலர்களிடம் தமிழ்ச் சொற்கள் இல்லை. ஏமாற்றம், பொறாமை, வெட்கம், பயம், ஏக்கம் ஆகியவற்றைப் படங்களோடும் கதைமாந்தரோடும் இணைத்துப் பூசல் இல்லாத நேரத்தில் கற்பித்தல் வேண்டும். தீ பிடித்த பின்னர் கிணறு வெட்ட இயலாது. 'நான் இன்னும் விளையாடி முடிக்கல', 'முடிச்சதும் தரேன்', 'எனக்கு அது பிடிக்கல, நிறுத்து', 'நானும் வரட்டுமா?' ஆகிய நான்கு வாக்கியங்களேனும் நாவில் பழகியிருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இவை பேச்சுத்தமிழில் தரப்பட்டிருப்பது எண்ணியே செய்யப்பட்டது. எழுத்துத்தமிழில் சண்டையிடும் குழந்தை உலகில் இல்லை. 2005 இல் அறிக்கையளித்த சிங்கப்பூர்த் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடமளிக்க வலியுறுத்தியதன் பயன் இத்தகைய இடங்களில்தான் விளங்குகின்றது. கண்டிக்கும்போது ஆசிரியர் தமிழிலும், சமரசம் பேசும்போது பிள்ளைகள் ஆங்கிலத்திலோ மலாயிலோ பேசும் வகுப்பறையில் தமிழ் அதட்டலின் மொழியாகவே பிள்ளையின் நினைவில் தங்கிவிடும்.

'நாம்', 'நாங்கள்'

கேட்பவரை உள்ளடக்கும் தன்மைப் பன்மையையும் விலக்கும் தன்மைப் பன்மையையும் தமிழ் வேறுபடுத்துகின்றது. பழந்தமிழில் 'யாம்' விலக்கவும் 'நாம்' உள்ளடக்கவும் வழங்கின. இன்று 'யாம்' இருந்த இடத்தில் 'நாங்கள்' உள்ளது. இலக்கணத்தார் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை எனக் குறிப்பது 'நாம்' என்பதையே. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. மலாய் மொழியில் 'கீத்தா', 'காமி' என இது தெளிவாக உள்ளது. ஆதலால் மலேசியப் பிள்ளைகளுக்கு இக்கருத்து புதிதன்று.

ஆட்டக்களத்தில் 'நாங்க விளையாடுறோம்' என்பது கதவடைப்பு. 'நாம விளையாடுவோம்' என்பது அழைப்பு. ஒரு பெயரை மாற்றுவதால் ஓர் உறவே மாறுவதை நாடகமாக நடித்துக் காட்டினால் ஐந்து வயதுப் பிள்ளையும் உணரும். இலக்கணமும் நன்னெறியும் ஒரே பாடமாக அமையும் அரிய வாய்ப்பு இது. எனினும் 'நாங்கள்' என்பதைத் தீய சொல்லாகக் காட்டிவிடலாகாது. சிங்கப்பூர்ப் பள்ளிகள் 1964 ஆம் ஆண்டுக் கலவரத்தின் நினைவாக ஜூலை 21 ஐ ஒட்டி இன நல்லிணக்க நாளைக் கடைப்பிடிக்கின்றன. அன்று ஒரு தமிழ்ப் பிள்ளை தன் மலாய்த் தோழியிடம் தமிழில் பேச நேர்ந்தால் 'நாங்கள் தீபாவளி கொண்டாடுகிறோம்' என்பதே சரியான வாக்கியம். தோழியின் வேறுபாட்டை அது மதிக்கின்றது. 'நாம் ஒரே வகுப்பு' என்பதும் அதே நாளில் சொல்லத்தக்கதே.

கதைகளின் குறை

அப்பத்துக்காகச் சண்டையிட்ட பூனைகளும் பங்கிட வந்த குரங்கும் இடம்பெறும் கதை நம் தொடக்கநிலை வகுப்புகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படுகின்றது. 'சண்டையிடாதே' என்பதே அதிலிருந்து பெறப்படும் படிப்பினை. ஆனால் அப்பத்தை எவ்வாறு பங்கிட்டிருக்கலாம் என்பதைக் கதை சொல்வதில்லை. கதையை நடுவில் நிறுத்தி, 'குரங்கு வரவில்லை என்றால் பூனைகள் என்ன செய்திருக்கலாம்?' என்று கேட்டுப் பார்க்கலாம். ஒரு பூனை பிட்கட்டும், மற்றது முதலில் தேர்ந்தெடுக்கட்டும் என்னும் விடையைப் பிள்ளைகள் தாமாகக் கண்டறியாவிடில் ஆசிரியர் ஒரு ரொட்டித்துண்டைக் கொண்டு செய்து காட்டலாம். பிட்கும் பிள்ளையின் கண்கள் அளவெடுப்பதைக் கண்டாலே பாடம் புரிந்துவிட்டது எனலாம்.

காயும் பழமும்

பெரியோர் கற்பிக்காமலேயே தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரு பிணக்குத் தீர்வு முறை உண்டு. தமிழ்நாட்டுச் சிறார்கள் நட்பை முறிப்பதைக் 'காய் விடுதல்' என்றும் மீண்டும் சேர்வதைப் 'பழம் விடுதல்' என்றும் கூறுவர். சில இடங்களில் முறிவு 'டூ' எனப்படும். விரற்சைகைகளும் ஊருக்கு ஊர் மாறும். இதில் நடுவர் இல்லை. முறிவு வெளிப்படையாக அறிவிக்கப்படுகின்றது. மீட்சிக்கும் தனிச்சொல் உள்ளது. காய் நாளடைவில் பழமாகும் என்னும் எண்ணமும் அச்சொற்களிலேயே பொதிந்துள்ளது. இதனோடு ஒப்பிட, 'மன்னிப்புக் கேள், கை கொடு' என்னும் ஆசிரியரின் ஆணை வறுமையானது. 'என்னை மன்னித்துவிடு' எனத் தமிழ் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. 'தெரியாமப் பண்ணிட்டேன்', 'இனிமே பண்ண மாட்டேன்' என்பவையே உண்மையான வழக்கு. முன்னது நோக்கத்தை விளக்குகின்றது, பின்னது உறுதியளிக்கின்றது. கட்டாயத்தின் பேரில் முணுமுணுக்கும் 'சோரி' இவ்விரண்டையும் செய்வதில்லை. சரிந்த கோபுரத்தைச் சேர்ந்து கட்டச் செய்தல் அதனினும் மேலானது.

மலேசிய, சிங்கப்பூர்ப் பாலர் வகுப்புகளுக்குக் காய், பழம் வழக்கத்தை அறிமுகப்படுத்தலாம். இதற்கு ஓர் எல்லையும் உண்டு. இருவருக்கிடையே காய் விடுதல் விளையாட்டுத்தன்மை உடையது. பெரும்பாலும் மாலைக்குள் தீர்ந்துவிடும். ஒரு குழுவே சேர்ந்து ஒரு பிள்ளைக்குக் காய் விட்டால் அது பிணக்கன்று, ஒதுக்கல். அங்கு இரு தரப்பையும் சமமாகக் கேட்கும் ஆறு படிகள் பொருந்தா. ஒதுக்கப்பட்ட பிள்ளையின் பக்கத்தில் போய் அமர்ந்து, அன்றைய ஆட்டத்தை ஆசிரியரே அவளோடு தொடங்க வேண்டும்.