காற்றுக்குத் தாகமூட்டும் இயந்திரம்

மரக்காணம் உப்பளத்தில் நண்பகலில் அம்பாரத்திலிருந்து கைப்பிடி உப்பை அள்ளினால் பொலபொலவென்று உதிரும். அதே அம்பாரத்தை விடியற்காலையில் தொட்டால் மேல்பரப்பு ஈரமாகி உள்ளங்கையில் ஒட்டும். மழை பெய்திருக்காது. உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொண்டிருக்கும். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் மக்னீசியம் குளோரைடுக்கோ சுமார் 33 சதவீதமே போதும். கசப்பு நீரைச் சரியாக வடியவிடாத உப்பு சீக்கிரம் கசிவது இதனால்தான்.

மரக்காணத்துக்குத் தென்மேற்கே, மாகாளேஸ்வரர் கோயில் இருக்கும் இரும்பையிலும் இதே கடற்காற்றுதான். அதையடுத்துப் புதுச்சேரியின் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை. இந்த வட்டாரத்தில் பிளாஸ்டிக் மோல்டிங் செய்யும் எந்தப் பட்டறையும், உப்பு வாருபவர் சந்திக்கும் அதே கேள்வியைத்தான் சந்தித்தாக வேண்டும்: சுற்றிலும் ஈரமான காற்று இருக்கும்போது ஒரு பொருளை எப்படி உலர்த்துவது, உலர்ந்ததை எப்படி உலர்ந்தபடியே வைத்திருப்பது?

பிளாஸ்டிக்குக்கும் ஈரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பொரித்த அப்பளம் திறந்த டப்பாவில் நமத்துப்போவதுபோல, மோல்டிங்குக்கு மூலப்பொருளான நைலான் குருணையும் நமத்துப்போகும், கண்ணுக்குத்தான் தெரியாது. நைலான் 6 சும்மா காற்றில் கிடந்தே தன் எடையில் 2 முதல் 3 சதவீதம் வரை நீரை ஏற்றுக்கொள்ளும். மோல்டிங் இயந்திரத்துக்குள் போகும்போது அந்த ஈரம் சுமார் 0.2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பாலிகார்பனேட்டுக்கு 0.02 சதவீதம். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்குக்கு 0.005 சதவீதம், ஒரு கிலோவில் 50 மில்லிகிராம் நீர்தான் அனுமதி.

மீறினால் என்ன ஆகும்? ஈரமான பாலிகார்பனேட்டில் வார்த்த மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த இடத்திலிருந்து விசிறிபோல் விரியும் வெள்ளிக் கோடுகள் தெரியும். குருணைக்குள் இருந்த நீர் ஆவியாகி இழுபட்ட தடம் அது. கண்ணுக்குத் தெரியும் இந்தக் கேடாவது பரவாயில்லை. ஏறத்தாழ 280 டிகிரி செல்சியஸில் உருகிய பெட்டுக்குள் நீர் இருந்தால், அது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டுதுண்டாக வெட்டிவிடும். பாட்டில் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். கீழே போட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

சூடான காற்றை ஊதினால் போதாதா? இங்கேதான் கடற்கரை தன் வேலையைக் காட்டுகிறது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கிறது. அதை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் 7 சதவீதமாக இறங்கும். காற்றுக்குத் தாகம் கூடும். ஆனால் அதிலிருந்த நீரில் ஒரு சொட்டும் குறையவில்லை. குருணையின் மேலீரம் போகும். உள்ளே ஊறிய கடைசி ஈரம் போகாது. சித்திரை வெயிலில் ஒழுங்காக வந்த உருப்படி ஐப்பசியில் கோடு விழுந்து வருவதற்குக் காரணம் இதுதான். அடைமழைக்கு உப்பளம் வேலையை நிறுத்திவிடலாம். பட்டறை நிறுத்த முடியாது.

அதனால் காற்றைச் சூடாக்குமுன் அதன் நீரையே பிடுங்கிவிட வேண்டும். அதைச் செய்வது ஈரமுறிஞ்சி ட்ரையர். இதில் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரம்பிய இரண்டு கோபுரங்கள் இருக்கும், அல்லது மெதுவாகச் சுழலும் தேனடை போன்ற சக்கரம் இருக்கும். மணிகள் பெரும்பாலும் சிலிக்கா ஜெல் அல்லது மூலக்கூறு சல்லடை எனப்படும் செயற்கை ஜியோலைட். சிலிக்கா ஜெல்லைப் பெருமளவில் தயாரிக்கும் முறைக்கு 1919-ல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்க வேதியியலாளர் வால்டர் பேட்ரிக். அதில் ஒரு கிராமுக்குள் சுருண்டு கிடக்கும் நுண்துளைகளின் பரப்பு பல நூறு சதுர மீட்டர். இந்த வகைச் செயற்கை ஜியோலைட்டை 1940-களின் இறுதியில் உருவாக்கியவர் யூனியன் கார்பைடின் ராபர்ட் மில்டன். அது 1954-ல் விற்பனைக்கு வந்தது. அதன் துளைகள் எல்லாம் ஒரே அளவு, சுமார் 4 ஆங்ஸ்ட்ராம். நீர் மூலக்கூறின் அளவு 2.8 ஆங்ஸ்ட்ராம் என்பதால் அது உள்ளே நுழைந்து ஒட்டிக்கொள்கிறது; பெரிய மூலக்கூறுகள் வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

இந்த மணிகளின் வழியே வரும் காற்றின் பனிவிழு நிலை மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும். அத்தனை குளிர்ந்தால்தான் அதிலிருந்து ஈரம் படியும் என்று பொருள். அப்போது ஒரு கன மீட்டரில் மிஞ்சும் நீர் சுமார் 0.12 கிராம். கடற்கரைக் காற்றோடு ஒப்பிட்டால் 200-ல் ஒரு பங்கு. இந்த உலர்காற்றைச் சூடாக்கி, குருணை நிரம்பிய தொட்டியான ஹாப்பருக்குள் ஊதினால், வெளியே வெயிலா மழையா என்பது இனி அந்தக் குருணைக்குத் தெரியாது.

மணிகளுக்கும் வயிறு நிறையும். அப்போது ஒரு கோபுரம் ஒதுங்கிக்கொள்ள, மற்றது வேலையை ஏற்கும். ஒதுங்கியதற்குள் 200 டிகிரிக்கு மேல் சூடான காற்று பாய்ந்து, பிடித்து வைத்திருந்த நீரைத் துரத்தும். துரத்தினால் மட்டும் போதாது, ஆறவும் வேண்டும். சூடான மணி நீரைப் பிடிக்காது. இதே காரணத்துக்காகத்தான் ஹாப்பரிலிருந்து திரும்பி வரும் வெந்த காற்றையும் ஒரு குளிர்விப்பான் வழியாக 50, 60 டிகிரிக்கு இறக்கி மணிகளிடம் அனுப்புகிறார்கள். அந்தக் குளிர்விப்பானில் தண்ணீர் ஓட்டம் அடைபட்டால் ஹீட்டர், புளோயர் எல்லாம் நன்றாக ஓடும். உலர்த்துவது மட்டும் நடக்காது.

இந்த இயந்திரம் பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் கெடுகிறது. திரும்பு காற்றின் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் மாவுபோல் பிளாஸ்டிக் தூசி அப்பியிருக்கும். அது தாண்டிப் போனால் மணிகளின் துளைவாயை அடைத்துவிடும். ஹீட்டரில் படிந்தால் கருகிப் புகையும். புளோயர் காற்றை உறிஞ்சும் பக்கத்தில் ஹோஸ் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் போதும், கடற்கரைக் காற்று உள்ளே புகுந்துவிடும்.

கடற்கரைக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. காற்றில் வரும் உப்புத்துகள் மின்பேனலுக்குள் படியும். பகலில் அது வெறும் தூசி. இரவில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அம்பாரத்து உப்பைப் போலவே கசிந்து, மின்சாரம் கடத்தும் படலமாகிவிடும். இணைப்புகள் அரிக்கும், மின்கசிவு வரும். பேனல் கதவின் ரப்பர் பட்டை நைந்திருந்தால் உடனே மாற்றுவது இங்கே கட்டாயம்.

பழுது பார்க்கும்போது முதல் விதி: மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது. அடுத்தது காத்திருப்பது. சுவிட்சை அணைத்த பிறகும் கோபுரத்துக்குள் சூடு நெடுநேரம் நிற்கும். பெட் உலரும் ஹாப்பரில் குருணையே 160 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். காற்றோட்டம் நின்றால் ஹீட்டரை அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதை ஒயர் போட்டுத் தாண்டிவிடுவது தீயை விருந்துக்கு அழைப்பதுதான்.

மணிகளை மாற்றும்போது முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். உலர்ந்த புது ஜியோலைட்டில் தண்ணீர் பட்டால் அது நீரைப் பிடிக்கும் வேகத்திலேயே கையைச் சுடுமளவு வெப்பம் கிளம்பும். சிந்தியதைக் கழுவித் தள்ளாமல் கூட்டி அள்ள வேண்டும். நிறம் மாறும் நீல சிலிக்கா ஜெல்லில் இருக்கும் கோபால்ட் குளோரைடை, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. கோபால்ட் இல்லாத ஆரஞ்சு நிற மணிகள் இப்போது கிடைக்கின்றன.

ஷிப்டுக்கு ஒருமுறை குறித்துவைக்க வேண்டிய அளவு ஹாப்பரின் வெப்பநிலை மட்டுமல்ல, பனிவிழு நிலையும். வெப்பநிலை சரியாகக் காட்டிக்கொண்டே இயந்திரம் ஈரக்காற்றை ஊதலாம். மைனஸ் 40-ல் நின்ற முள் மைனஸ் 30, மைனஸ் 20 என்று நாளுக்கு நாள் மேலேறினால், வெள்ளிக் கோடு விழக் காத்திருக்காமல் ஃபில்டர், ஹோஸ், குளிர்விப்பான், மணிகள் என்று வரிசையாகப் பார்த்துவிடலாம்.