மூளைக் காய்ச்சலுக்குப் பின் பிள்ளையின் காதைக் கவனியுங்கள்

மூளைக் காய்ச்சலில் கிடந்த பிள்ளை கண் விழித்து, பால் குடித்து, வீடு வந்து சேர்ந்ததும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி சதகாவும் கொடுத்து விடுகிறோம். ஆனால், அந்தப் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

மூளையைச் சுற்றியுள்ள உறையில் பக்டீரியாக் கிருமி பற்றுவதையே இங்கு சொல்கிறோம். வைத்தியர்கள் இதை மெனிஞ்சைட்டிஸ் என்பார்கள். மூளையைச் சூழ்ந்துள்ள நீருக்கும் உட்காதுக்கும் இடையே நுண்ணிய வழியொன்று உண்டு. கிருமியும் அதன் நஞ்சும் அவ்வழியே இறங்கி, நத்தை ஓடு போன்ற உட்செவியில் ஒலியை உணரும் மயிர்க் கலங்களை அழித்து விடுகின்றன. அழிந்தவை மீண்டும் உண்டாவதில்லை. காதில் சீழ் வடிவது வேறு, இது வேறு. உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டுப் பயனில்லை.

பிழைத்தவர்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு இந்தப் பாதிப்பு வரலாம். நியூமோகொக்கஸ் என்ற கிருமியானால் 10 பேரில் மூவர் வரை பாதிக்கப்படுகின்றனர். ஹிப் என்ற கிருமியும் காதைக் கெடுக்கக் கூடியதே. அதற்கெதிரான தடுப்பூசி 2008இல் நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. கிளினிக் திகதியைத் தவற விடாதீர்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு ஏன் ஊசி என்று கேட்பவர்கள் உண்டு. அது மெனிங்கோகொக்கஸ் என்ற இன்னொரு கிருமிக்கானது. 1987 ஹஜ்ஜின்போது அது ஹாஜிகளிடையே பரவியது.

நோய் தொடங்கி இரண்டு நாட்களுக்கு மேல் வீட்டில் வைத்திருந்து பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன பிள்ளைகளுக்குக் காது கெடும் ஆபத்து கூடுதல். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. வாகனத்தில் போய்க்கொண்டே ஓதலாமே! கடும் காய்ச்சலோடு வாந்தி, வலிப்பு, கழுத்து விறைப்பு, கைக்குழந்தைக்கு உச்சி புடைத்தல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடத்தல் என்பவை கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்றால், "பிள்ளைக்கு இடுப்பு விழுந்து விடும்" என்று மாமியோ உம்மும்மாவோ தடுப்பதுண்டு. முண்ணாண் முடியும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசியைப் போடுகிறார்கள். எந்தக் கிருமி என்று தெரிவதும் அந்த நீரில்தான். அதில் சீனியின் அளவு மிகக் குறைந்திருந்தால், காதுக்கும் ஆபத்து அதிகம் என்று வைத்தியர் கணிப்பார். முதல் அன்டிபயோட்டிக்குடன் சேர்த்து டெக்ஸாமெதசோன் என்ற மருந்தைக் கொடுப்பதும் உண்டு. காதைக் காப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

ஆயினும், இலேசாக வந்து போன நோயிலும் காது போனதுண்டு. ஆகவே தப்பிய பிள்ளைகள் எல்லோரையும் பரிசோதிக்கத்தான் வேண்டும். பிரித்தானிய வைத்திய வழிகாட்டலில், பிள்ளை பரிசோதனைக்குத் தேறி 4 வாரத்துக்குள் இது நடக்க வேண்டும் என்றிருக்கிறது. அவசரத்துக்குக் காரணம் உண்டு. சிலருக்குச் சில வாரங்களிலேயே உட்செவிக்குள் எலும்பு வளர்ந்து அடைத்து விடுகிறது. அதன்பின் கொக்லியர் இம்ப்ளான்ட் எனும் செயற்கைச் செவியைப் பொருத்துவது மிகவும் சிரமம். கைக்குழந்தையைத் தூங்க வைத்தும் சோதிக்கலாம், வலி கிடையாது. துண்டு வெட்டும்போதே, "காதுப் பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும்?" என்று நீங்களே கேளுங்கள்.

வீட்டிலும் கவனியுங்கள். நடந்து திரிந்த பிள்ளை தள்ளாடுகிறதா? உட்காதில்தான் உடலின் சமநிலையும் இருக்கிறது. பேசிய சொற்கள் குறைகின்றனவா? முதுகுப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புகிறதா? திரும்பாத பிள்ளையை "பிடிவாதக்காரன்" என்று ஏசுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

ஒரு காது மட்டும் கெட்டிருந்தால் எளிதில் தெரிய வராது. பரிசோதனையில் அப்படித் தெரிந்தால், பாடசாலையிலும் குர்ஆன் மத்ரஸாவிலும் சொல்லி வையுங்கள். கேட்கும் காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி முன்வரிசையில் உட்கார வைப்பார்கள்.