மூணு பசங்க வித்தியாசம்

போன மாசம் அமெரிக்காவிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "டேய், ரெண்டு வீடு பாத்திருக்கோம். ஒண்ணு 7 ரேட்டிங் ஸ்கூல் பக்கம், இன்னொண்ணு 4. மாமா 7-தான் வேணும்ங்கறார். ஆனா அந்த வீட்டுக்கு லோன் கழுத்தை நெரிக்கும். நீதான் டேட்டா டேட்டான்னு பேசுவியே, பாத்துச் சொல்லு."

அங்கே பெரும்பாலும் வீட்டு முகவரியை வைத்துத்தான் பிள்ளை எந்த அரசுப் பள்ளிக்குப் போகும் என்பது முடிவாகும். வீடு தேடும் தளங்களிலேயே கிரேட்ஸ்கூல்ஸ் தரும் 1 முதல் 10 வரையிலான ரேட்டிங் பக்கத்தில் நிற்கும். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றதும் நம்ம ஊர் மாவட்டத்தை நினைக்காதீங்க. பள்ளி நடத்துவதற்கான உள்ளூர் அமைப்பு அது. சிலதில் ரெண்டு மூணு பள்ளிதான் இருக்கும். அக்கா ஊரில் தொடக்கப் பள்ளி ரெண்டே ரெண்டு.

நாலாம் வகுப்பு கணக்குத் தேர்வு முடிவை எடுத்தேன். 7 ரேட்டிங் பள்ளியில் தேர்ச்சி 75 சதவீதம், மற்றதில் 60. பெரிய இடைவெளிதானே? இப்போ தலையை எண்ணுங்க. ரெண்டிலும் தேர்வு எழுதியது தலா 20 பேர். 15-க்கு 12. மூணே மூணு பசங்க. ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தி ஆங்கிலமே புதுசாகக் கற்கிறாள் என்றால்கூடப் போதும், சதவீதம் 10 இறங்கிடும். முந்தைய வருஷம் பார்த்தால் 12-க்கு 14, 4 ரேட்டிங் பள்ளிதான் மேலே! அதற்கும் முந்தைய வருஷம் 14-க்கு 13. மூணு வருஷத்தையும் கூட்டினால், 60 பேரில் 41, 39.

தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2002-லேயே இதை எழுதிவிட்டார்கள். சின்னப் பள்ளிகளின் மதிப்பெண் வருஷா வருஷம் ஏறி இறங்கும். அதனால் டாப் லிஸ்டிலும் அவைதான் அதிகம், கடைசி லிஸ்டிலும் அவைதான்.

ரெண்டு பள்ளியும் ஒண்ணுதான்னு நான் சொல்லல. இந்த எண்ணை வைத்து எது நல்லதுன்னு சொல்ல முடியாது, அவ்வளவுதான். அதோடு, மதிப்பெண்ணில் வீட்டு வருமானமும் கலந்தே இருக்கும். அதே பிள்ளைகள் மூணாம் வகுப்பிலிருந்து நாலுக்கு எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்த்தால்தான் பள்ளியின் பங்கு கொஞ்சமாவது தெரியும்.

அக்கா 4 ரேட்டிங் பள்ளிக்கு நேரில் போய் ஒரு காலை வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். மாமா இன்னும் 7-ங்கறார்.