வாழும் வரலாற்றுப் பண்ணை

கலப்பையின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். அதன் உறுப்புகளின் பெயர்களை மாணவர் மனப்பாடமும் செய்யலாம். ஆயினும் மேழி பிடித்த கை அறிவது வேறு. மண்ணின் இறுக்கமும் எருதின் நடையும் உழுபவனின் களைப்பும் ஏட்டில் அடங்குவன அல்ல. இக்குறையை நிரப்ப எழுந்தவையே வாழும் வரலாற்றுப் பண்ணைகள்.

அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்தில், டெமாயின் நகரின் அருகே இத்தகைய பண்ணை ஒன்று உளது. வேளாண் பொருளியற் பேராசிரியர் வில்லியம் மரே என்பாரின் முயற்சியால் அது 1970இல் தோன்றியது. அங்கே மூன்று காலங்கள் மூன்று பண்ணைகளாக அமைந்துள்ளன. 1700ஆம் ஆண்டைக் காட்டுவது அயோவே பழங்குடியினரின் பண்ணை. சோளம், அவரை, பூசணி ஆகியவற்றைக் கைக்கருவி கொண்டே பயிர் செய்த காலம் அது. 1850இல் குடியேறியோரின் மரவீடும் எருதுகளும். 1900இல் குதிரை இழுக்கும் கருவிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்கும்போதே, உழவின் ஆற்றல் கையிலிருந்து எருதுக்கும், எருதிலிருந்து குதிரைக்கும் மாறியமை விளங்கிவிடுகிறது.

பண்ணையில் விளக்கம் கூறுவோர் வேலை செய்துகொண்டே பேசுவர். "இது எதற்கு?" என்று கேட்பவருக்கு அவர்தம் கைத்தொழிலே முதல் விடையாகிறது. வந்தவரும் சில வேலைகளில் கைகொடுக்கலாம். பார்வையாளர் மாணவராகும் இடம் இதுவே.

ஆனால், மிகச் சிறந்த பாடம் இரு பண்ணைகளுக்கு இடைப்பட்ட வழியிலே இருக்கிறது. 1700இல் இருந்த மக்கள் 1850இல் எங்கே போயினர்? 1838ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அயோவே மக்கள் அம்மண்ணில் தமக்கு எஞ்சியிருந்த உரிமையையும் இழந்தனர். அவர்தம் வழியினர் இன்றும் கன்சாஸ், நெப்ராஸ்கா, ஒக்லஹோமா மாநிலங்களில் வாழ்கின்றனர். இதனைச் சொல்லாத பண்ணை அழகிய காட்சியாகலாம், வரலாறு ஆகாது.

இத்தகைய பொறுப்பைத் தனியொரு பண்ணை சுமத்தல் அரிது. ஆதலின், இத்துறையினர் 1970இலேயே தமக்கெனச் சங்கம் கண்டனர். ஆண்டுதோறும் கூடிக் கட்டுரை படிப்பதோடு, விலங்குகளைப் பூட்டி உழும் பயிற்சியும் பெறுகின்றனர். ஏனெனில், ஏர் பூட்டத் தெரிந்த முதியவர் மறைந்தால் அவர் திறனும் உடன் மறையும். கற்றவர் மற்றவர்க்குக் கற்பித்தால் மட்டுமே அது நிலைக்கும்.

ஆசிரியர்க்கு இதில் ஒரு குறிப்பு உண்டு. பொருளைக் காட்டுக, கையில் கொடுக்க, பின்னர்க் கேள்விக்குக் காத்திருக்க. மாணவன் கேட்கும் கடினமான கேள்வியை மட்டும் தட்டிக் கழிக்கலாகாது.