பல நிலையங்கள், ஒரே பாட்டு

மன்னார்த் தீவு இரண்டு வானொலிகளுக்கு நடுவே அமைந்திருக்கின்றது. வடமேற்கே திருச்சிராப்பள்ளி, தெற்கே கொழும்பு. வரைபடத்தில் அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தொலைவு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடலோ ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், மத்திய அலை ஒலிபரப்பு தரையைக் காட்டிலும் கடல்மேல் எளிதில் மெலியாது செல்லும். ஆகவே இக்கரையில் வானொலிப் பெட்டியின் முள்ளைச் சிறிது திருப்பினாலே நாடு மாறிவிடும்.

இத்தகைய இடத்தில் நிலையங்கள் நேயர்களுக்காகப் போட்டியிடுவது இயல்பே. நிலையங்கள் பெருகினால் இசைவகைகளும் பெருகும் என்றே பலரும் எண்ணுவர். நடந்த வரலாறு வேறு.

1952 ஆம் ஆண்டில் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகிய பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குரிய இடத்தைச் சுருக்கி, சாஸ்திரிய சங்கீதத்துக்கு முதன்மை அளித்தார். மக்களின் சுவையை உயர்த்துவதே அவர் நோக்கம். ஆனால், நேயர்கள் முள்ளைத் திருப்பினர். விளம்பர வருவாயால் நடந்த இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு, அவர்கள் விரும்பிய திரைப்பாடல்களை வாரி வழங்கிற்று. எஸ். பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளரின் குரல் தமிழகத்து இல்லங்களிலும் ஒலித்தது. இறுதியில் அகில இந்திய வானொலியே 1957 ஒக்ரோபர் 3 ஆம் நாள் 'விவித பாரதி'யைத் தொடங்கிற்று. 1967 இல் அதில் விளம்பரத்தையும் அனுமதித்தது. எதிரியை வெல்ல எதிரியின் வழியையே மேற்கொண்டது.

இதன் காரணத்தைப் பீட்டர் ஸ்டைனர் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் அதே 1952 இல் ஆராய்ந்தார். அவர் காட்டிய வழியில் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் 100 நேயர்கள். அவர்களுள் 80 பேர் திரைப்பாடலையும், 20 பேர் நாட்டுப்பாடலையும் மட்டுமே கேட்பர் எனக் கொள்வோம். நிலையங்கள் இரண்டாயின், இரண்டும் திரைப்பாடலையே ஒலிபரப்பித் தலைக்கு 40 நேயரைப் பெறும். மூன்றாவது நிலையமும் அதையே செய்யும். மூன்றிலொரு பங்காகிய ஏறத்தாழ 27 பேர், 20 பேரினும் மிகுதியன்றோ? நான்காவது நிலையத்துக்கு இரண்டும் சமம். ஐந்தாவது நிலையம் வந்து, பங்கு 16 ஆகக் குறையும்போதுதான் நாட்டுப்பாடலை நாடுவது ஆதாயமாகும். மாறாக, இரண்டு நிலையங்களையும் ஒருவரே நடத்தினால், ஒன்றைத் திரைப்பாடலுக்கும் மற்றொன்றை நாட்டுப்பாடலுக்கும் ஒதுக்கி 100 பேரையும் பெறுவார். போட்டி மிகுந்தும் வகை மிகாத விந்தை இதுவே.

இலங்கையில் 1990களில் தனியார் வானொலிக்கு இடம் கிடைத்தது. 1998 இல் சூரியன், சக்தி என்னும் தமிழ் நிலையங்கள் தோன்றின. இவற்றிலும் திரைப்பாடலே பெரும்பகுதியாயிற்று. இது நிலையத்தாரின் குறையன்று, கணக்கின் விளைவு.

அந்தக் கணக்கில் விடுபடும் 20 பேரின் செல்வமோ சிறியதன்று. மன்னார்க் கரையில் வலையிழுப்போர் பாடிய அம்பாப் பாடல்களும், மாதோட்டத்துக் கூத்துப் பாடல்களும், கத்தோலிக்க மக்களின் நாடக மரபும் அதில் அடங்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இப்பகுதியின் நாடகங்களைப் பதிப்பித்தமையால் சொற்கள் ஏட்டில் நிலைத்தன. மெட்டோ ஏட்டில் அடங்காது. அதை அண்ணாவிமாரின் குரலில் கேட்டே பெறல் வேண்டும்.

கேஸ்கரைப்போல் பெரும்பான்மையோர் விரும்புவதை விலக்கினால் நேயர் அகல்வர். பெரும்பான்மையோரை மட்டுமே பின்பற்றினால் சிறுபான்மைச் சுவை பட்டினி கிடக்கும். தனியார் நிலையம் ஆதாயத்தை நோக்குவதில் தவறில்லை. ஆனால், பொதுமக்களின் பணத்தில் நடக்கும் நிலையம் மற்றவர்கள் வழங்குவதையே தானும் வழங்கினால், அது தனியே இருப்பதற்குக் காரணம் ஏது? எஞ்சியுள்ள பாடகர்களின் குரலைப் பதிவு செய்து, நள்ளிரவிலன்றி மக்கள் கேட்கும் வேளையில், வாரந்தோறும் தவறாது ஒலிபரப்புவது அதன் கடமையாகும். கேட்டுப் பழகிய செவிதான் நாளை அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கும்.