படகுக்கு உரிய இடமும் வலமும்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள புனே நகருக்கும் படகோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். 1854இல் தோன்றிய புனே பொறியியல் கல்லூரியின் படகுச் சங்கம் முளா ஆற்றங்கரையில் இயங்குகிறது. கடக்வாஸ்லா ஏரியில் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் மாணவர்கள் பாய்மரப் படகு செலுத்தப் பழகுகின்றனர். இராணுவத்தின் துடுப்புப் படகுப் பயிற்சி மையமும் இந்நகரில்தான் உள்ளது. நாசிக் மாவட்டத்தின் வறண்ட சிற்றூர் ஒன்றில் பிறந்த தத்து போகனல், இராணுவத்தில் சேர்ந்த பின்னரே புனேயில் துடுப்பைக் கையில் எடுத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 13ஆம் இடம் பெற்ற அவர், 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் அணியில் தங்கம் வென்றார்.

துடுப்புப் படகில் புதிதாக அமர்பவரை முதலில் தடுமாற வைப்பவை சொற்களே. துடுப்பு வலிப்பவர் படகு செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்கிறார். வழிநடத்தும் ‘காக்ஸ்’ முன்னோக்கிப் பார்க்கிறார். ஆளுக்கொரு துடுப்புடன் எண்மர் வலிக்கும் படகில், “வலப்பக்கம் நிறுத்துக” என்று காக்ஸ் கூவினால், தம் வலக்கைப் பக்கம் துடுப்புள்ளவர்கள் நிறுத்துவார்கள். படகு எதிர்ப்புறம் திரும்பிவிடும்! ஆகவே படகுக்கென்றே பக்கங்கள் வகுத்தனர். முன்னோக்கி நிற்பவரின் இடப்பக்கம் ‘போர்ட்’, வலப்பக்கம் ‘ஸ்டார்போர்டு’. யார் எப்படித் திரும்பி அமர்ந்தாலும் இவை மாறுவதில்லை. இரவில் முன்னதற்குச் சிவப்பு விளக்கு, பின்னதற்குப் பச்சை.

பழைய ஐரோப்பியக் கலங்களில் திசை திருப்பும் துடுப்பு வலப்புறம் இருந்தது; ‘ஸ்டார்போர்டு’ என்ற பெயர் அதனால் வந்தது. இடப்புறத்தை முன்னர் ‘லார்போர்டு’ என்றனர். புயலின் இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தன. 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை விலக்கி, போர்ட் என்றே வழங்குமாறு ஆணையிட்டது. கட்டளைச் சொல்லுக்கு அழகு தேவையில்லை. வேறொன்றாகக் காதில் விழாதிருந்தால் போதும்.

வங்கியின் இணையதளத்தில் நாள்தோறும் ‘லாகின்’ செய்கிறோமே, அச்சொல்லின் வேரும் கப்பலில்தான் உள்ளது. கயிற்றில் பிணைத்த மரத்துண்டைக் கடலில் எறிந்து, குறித்த நேரத்தில் கயிற்றின் எத்தனை முடிச்சுகள் கைவிட்டு ஓடின என்று எண்ணி வேகத்தை அறிந்தனர். மரத்துண்டு ‘லாக்’, கணக்கெழுதிய ஏடு ‘லாக் புக்’. கணினியின் பதிவேடும் அப்பெயரையே ஏற்றது. முடிச்சின் பெயரான ‘நாட்’ வேக அலகாயிற்று. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

தமிழில் இத்தகைய சொற்களுக்குப் பஞ்சமில்லை. படகின் முன்பகுதி அணியம். காற்றுக்குத் திசைதோறும் பெயருண்டு: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. பாய் விரிப்பவருக்கு இவை கவிதைக்கு முன்னரே தொழிற்சொற்கள். கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ ஆனபோது பொருளும் மாறிற்று. நம் மீனவர்களுடையது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. உலகம் இன்று அப்பெயரால் சுட்டுவது இரட்டை உடல் கொண்ட படகை.

புனே வாழ் தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாய்மரத்தை மராத்தியில் ‘டோல்காட்டி’, அதாவது அசைந்தாடும் கழி, என்பார்கள், துடுப்பு ‘வல்ஹே’. இவற்றைப் புதிதாகக் கற்க வேண்டும். ஆனால் நங்கூரம் அங்கே ‘நாங்கர்’. உழும் கலப்பைக்கும் அதுவே பெயர். அரபு மொழியிலிருந்து வந்த சுக்கான் அங்கே ‘சுகாணூ’. முளா ஆற்றங்கரையில் ஒருவர் பதற்றத்தில் “சுக்கானைப் பிடி” என்று தமிழிலேயே கூவிவிட்டாலும், மராத்தி நண்பருக்குப் பாதியாவது புரிந்துவிடும்.